மேஸ்திரி இல்லாத கட்டடம்

கியூவெட் என்ற சின்ன அளவீட்டுக் குப்பியில் இருந்த திரவம் பார்க்க அப்படியொன்றும் அழகாக இல்லை. நாள்பட்ட பாசித் தண்ணீர் மாதிரி, பழுப்பு கலந்த மங்கலான பச்சை. ஒளிச்சேர்க்கை செய்யும் பச்சைக் கந்தக பாக்டீரியாவின் செல்களை உடைத்து, சென்ட்ரிஃபியூஜில் மணிக்கணக்கில் சுற்றவிட்டுப் பிரித்தெடுத்தது. நிறமாலைமானியில் வைத்தேன். 745 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கம், ஒளி உறிஞ்சப்படுவதைக் காட்டும் ஒரு பெரிய மேடு எழுந்தது. அப்புறம் அதே திரவத்தில் ஒரு சொட்டை எடுத்து மெத்தனாலில் விட்டேன். விட்ட கணமே நிறம் மாறியது. அழுக்குப் பச்சை போய்ப் பளிச்சென்ற நீலப்பச்சை. மறுபடி கருவியில் வைத்தால் 745-இல் ஒன்றுமே இல்லை. மேடு 670 பக்கம் போய் உட்கார்ந்திருந்தது.

"புரதத்தைக் கெடுத்துட்டேன் போல இருக்கு அக்கா" என்றேன், பக்கத்து மேசையில் இருந்த சீனியரிடம். அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "எந்தப் புரதத்தை?" என்று மட்டும் கேட்டார்.

ஆய்வுக்கூடத்தை விட்டு வந்து பல வருஷம் ஆகிவிட்டது. இப்போது நான் பார்க்கும் வேலைக்கும் நுண்ணுயிரிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இந்தத் துறையில் புதிதாக ஏதாவது வெளியானால் இன்றும் தேடிப் போய்ப் படிக்கிறேன்.

நான் புரதத்தை எதிர்பார்த்ததில் தப்பில்லை. ஒளிச்சேர்க்கை பற்றிப் படித்ததெல்லாம் அப்படித்தான் இருந்தது. இலையில் பச்சையம் சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. ஒவ்வொரு மூலக்கூறையும் ஒரு புரதம் இன்ன கோணத்தில், இன்ன தூரத்தில் என்று பிடித்து வைத்திருக்கிறது. இலைகளில் மிகுதியாக இருக்கும் ஒளி அறுவடைப் புரதம் ஒன்றில் 14 பச்சையங்கள், ஒவ்வொன்றும் அதற்கென்று ஒதுக்கிய இடத்தில். ஊதா பாக்டீரியாவில் இது இன்னும் நறுவிசு. 1995-இல் அதன் ஆன்டெனா, அதாவது ஒளியைப் பிடிக்கும் அமைப்பு, ஒன்றின் படிக அமைப்பு வெளியானபோது, புரதங்கள் வளையமாக நிற்க, அவற்றுக்கிடையே 9 நிறமிகள் ஒரு வட்டமாகவும் 18 நிறமிகள் இன்னொரு வட்டமாகவும் கோத்திருந்தன. நகைக்கடை விளம்பரத்தில் போடலாம், அவ்வளவு அழகு.

இவ்வளவு கண்காணிப்பு எதற்கு என்றால், நெருக்கம் ஆபத்தானது. பச்சையத்தைக் கரைசலில் அடர்த்தியாக்கிக்கொண்டே போனால் அது ஒளிர்வதை நிறுத்திவிடும். உறிஞ்சிய ஆற்றல் ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிப் போகும். வழியில் எங்காவது இரண்டு மூலக்கூறுகள் ஏடாகூடமாக ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தக் குழியில் விழுந்து வெறும் வெப்பமாகப் போய்விடும். ஆகவே நிறமிகள் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் கண்டபடி ஒட்டக் கூடாது. புரதத்தின் வேலை அந்த இடைவெளியைக் காப்பது.

சரி, பச்சைப் பாக்டீரியாவுக்கு வருவோம்.

1964-இல் ஜெர்மெய்ன் கோஹன்-பசீர், நோர்பர்ட் ஃபென்னிக், ரியோ குனிசாவா மூவரும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்தச் செல்களின் வெட்டுத்துண்டுகளைப் பார்த்தார்கள். செல்சவ்வின் உட்புறத்தை ஒட்டி, வரிசையாக, நீள்வட்டப் பைகள். குளோரோசோம் என்ற பெயர் அவற்றுக்கு 1970-களின் கடைசியில்தான் வந்தது. ஒரு பை 100 முதல் 200 நானோமீட்டர் நீளம், 50 நானோமீட்டர் வாக்கில் அகலம். அதாவது அது பிடிக்கும் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு சிறியது. அந்தச் சின்னப் பைக்குள் 2 லட்சத்துக்கு மேல் பாக்டீரியோகுளோரோஃபில், அதாவது பாக்டீரியாவின் பச்சைய மூலக்கூறுகள் அடைந்து கிடக்கின்றன. இந்தப் பைகள் ஒரே செல்லில் 200 வரைகூட இருக்கும்.

பையின் மேலுறை சாதாரணச் சவ்வு மாதிரி இரண்டு அடுக்குக் கொழுப்பு இல்லை, ஒற்றை அடுக்குதான். வெந்நீர் ஊற்றில் வாழும் குளோரோபாகுலம் டெபிடம் என்ற இனத்தில் அந்த உறையில் 10 வகைப் புரதங்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். எல்லாம் உறையோடு சரி. உள்ளே, அந்த 2 லட்சம் நிறமிகளுக்கு நடுவே, பிடித்து நிறுத்த ஒரு புரதமும் கிடையாது. சீனியர் கேட்டது அதைத்தான்.

இதை விஞ்ஞானிகளே லேசில் ஒத்துக்கொள்ளவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல். 1980-களில் உறையிலிருக்கும் சின்னப் புரதம் ஒன்றைச் சுட்டி, இதுதான் உள்ளே நிறமிகளைத் தாங்குகிறது என்று மாதிரிகள் வரைந்தார்கள். எதிர்ப்பக்கத்து ஆதாரம் அதற்கு முன்பே இருந்தது. மாஸ்கோவில் கிராஸ்னோவ்ஸ்கியின் குழு, இந்த நிறமியைத் தனியே பிரித்தெடுத்து, புரதம் எதுவும் சேர்க்காமலே அது திரளும்போது குளோரோசோமைப் போலவே ஒளியை உறிஞ்சுவதைக் காட்டியிருந்தது. 1990-இல் ஜெர்மனியில் ஹோல்ஸ்வார்த், கிரீபெனோவ், ஷாஃப்னர் மூவரும் புரதம் நீக்கிய குளோரோசோமிலும் ஆன்டெனாவின் இயல்பு அப்படியே இருப்பதை வெளியிட்டார்கள். அதற்கப்புறம் வாதம் மெல்ல அடங்கியது. பின்னாளில் மரபணுவை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தபோது, அந்த 10 புரதங்களில் ஒன்றைத் தவிர மற்ற எதை எடுத்தாலும் குளோரோசோம் உருவானது. வடிவமோ அளவோ கொஞ்சம் மாறியது, அவ்வளவுதான்.

அப்படியானால் அடுக்குவது யார்? மூலக்கூறேதான். அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் புரியும்.

செடியின் பச்சையத்தையும் இந்த பாக்டீரியாவின் பாக்டீரியோகுளோரோஃபில் சி-யையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தால் முதலில் வித்தியாசமே தெரியாது. இரண்டிலும் தட்டையான ஒரு வளையம், நடுவில் மக்னீசியம், பின்னால் நீளமான ஒரு வால். உற்றுப் பார்த்தால் இரண்டு இடங்களில் கைவைத்திருப்பது தெரியும். வளையத்தின் ஒரு ஓரத்தில், செடியின் பச்சையத்தில் எதையும் பிடிக்காத ஒரு சின்ன கார்பன் தொகுதி இருக்கும். இங்கே அந்த இடத்தில் ஒரு ஹைட்ராக்சில், அதாவது ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி. எதிர் ஓரத்தில் இரண்டிலுமே ஒரு கார்பனைல், அதாவது கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்த ஜோடி, உண்டு. ஆனால் செடியில் அதற்குப் பக்கத்தில் பருமனான ஒரு எஸ்டர் தொகுதி வழியை மறித்துக்கொண்டு நிற்கும். இந்த பாக்டீரியா அதற்கென்றே ஒரு நொதியை வைத்துக்கொண்டு அந்தத் தொகுதியை வெட்டி எறிந்துவிடுகிறது.

இப்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு மூலக்கூறின் ஹைட்ராக்சில் பக்கத்து மூலக்கூறின் மக்னீசியத்தைப் போய்ப் பிடிக்கிறது. பிடித்த அதே ஹைட்ராக்சிலின் ஹைட்ரஜன், மறித்து நிற்க ஆளில்லாத இன்னொரு மூலக்கூறின் கார்பனைலோடு பிணைகிறது. ஒரே கையால் இரண்டு பேரைப் பிடித்த மாதிரி. அந்த இரண்டு பேரும் தங்கள் பங்குக்கு வேறு இரண்டு பேரைப் பிடிக்கிறார்கள். தட்டையான வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து படிந்து, ஓடு வேய்ந்தது போல ஒரு விரிப்பு உருவாகிறது. வால்கள் விரிப்பின் இரு புறமும் நீட்டிக்கொண்டு, பக்கத்து விரிப்பின் வால்களோடு கோத்துக்கொள்கின்றன. இரண்டு விரிப்புகளுக்கு இடையே சுமார் 2 நானோமீட்டர்.

மெத்தனால் செய்த வேலையும் இப்போது விளங்கும். மெத்தனாலிலும் ஹைட்ராக்சில் இருக்கிறது. அது கூட்டத்துக்குள் புகுந்து ஒவ்வொரு மக்னீசியத்தையும் தானே பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக் கை விலகியது. விரிப்பு கலைந்து 2 லட்சம் தனி மூலக்கூறுகள். நான் கெடுத்தது புரதத்தை இல்லை, அவற்றின் சகவாசத்தை.

நிறம் ஏன் மாற வேண்டும் என்பது இதன் இன்னொரு முகம். தனி மூலக்கூறு 670 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சும். இவ்வளவு நெருக்கமாக, தலையும் காலுமாகச் சரிந்து அடுக்கும்போது, ஒரு மூலக்கூறு உறிஞ்சிய ஆற்றல் அந்த ஒன்றுக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. பல மூலக்கூறுகளில் பரவி நிற்கிறது. அந்தக் கூட்டு நிலையின் ஆற்றல் தனி நிலையைவிடக் குறைவு. ஆகவே உறிஞ்சும் இடம் சிவப்பைத் தாண்டி 745-க்கு நகர்கிறது. இந்த வகை அடுக்கை வேதியியலில் ஜே-திரள் என்பார்கள். அந்த ஜே, எட்வின் ஜெல்லி என்பவரின் முதலெழுத்து. கோடாக் ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். 1930-களின் நடுவில் அவரும் ஜெர்மனியில் குந்தர் ஷைபேயும் தனித்தனியே, சில சாயங்கள் கரைசலில் அடர்த்தியானதும் புதிதாக ஒரு கூர்மையான உறிஞ்சல் மேட்டைக் காட்டுவதைக் கண்டார்கள். புகைப்படச் சுருளுக்காகச் சாயம் தேடியவர்களுக்கு, பாக்டீரியா காலங்காலமாகச் செய்துகொண்டிருந்த வித்தை தெரிந்திருக்க நியாயமில்லை.

கூட்டம் சேர்ந்தால் ஆற்றல் வீணாகும் என்று முன்னே சொன்னேன். இங்கே இவ்வளவு நெரிசலிலும் வீணாவதில்லை. அடுக்கு இந்தக் குறிப்பிட்ட விதத்தில் சரிந்திருப்பதால், ஆற்றல் விழுந்து சாகும் குழிகள் குறைவு. தாவல் மிக வேகம். பிக்கோசெகண்டுக் கணக்கில் (ஒரு பிக்கோசெகண்டு என்பது வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) அது பையின் அடித்தளத்துக்கு வந்துவிடுகிறது.

விரிப்புகள் பைக்குள் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன? இதில்தான் ஆளுக்கொரு பேச்சு. முதலில் உறையவைத்துப் பிளந்து பார்த்தவர்கள் உள்ளே கோல் கோலாக இருக்கிறது என்றார்கள். ரொம்ப காலம் பாடநூல் படங்களில் குளோரோசோம் தீக்குச்சிப் பெட்டி மாதிரியே இருந்தது. 2004-இல் பிஷென்சிக்கும் கூட்டாளிகளும் குளிர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, கோல் இல்லை, அலையலையாக வளைந்த தகடுகள் என்றார்கள். 2009-இல் இன்னொரு குழு, சுருட்டி வைத்த பாயைப் போல ஒன்றுக்குள் ஒன்றாகக் குழல்கள் என்றது. தகடும் குழலும் ஒன்றுக்கொன்று பகையில்லை, தகடு வளைந்து மூடினால் குழல்தான் என்று இன்று ஓரளவு சமாதானமாகிவிட்டது.

இந்த 2009 ஆய்வில்தான் எனக்கு உயிர். அது நடந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இயல்பான குளோரோசோமில் ஒரு தொல்லை உண்டு. எந்த இரண்டு பையும் ஒரே மாதிரி இருக்காது. ஒரே செல்லுக்குள்ளேயேகூட அப்படித்தான். உள்ளே இருக்கும் நிறமியும் ஒரே சீரானது இல்லை. வளையத்தின் ஓரத்தில் சில இடங்களில் மெத்தில் என்ற சின்ன கார்பன் தொகுதி ஒன்றிரண்டு கூடவோ குறையவோ இருக்கும் பல உருவங்கள் கலந்து கிடக்கின்றன. ஒரே மாதிரியான லட்சக்கணக்கான பிரதிகள் வரிசையாக நின்றால்தான் படிகம் வளரும், அமைப்பைப் படிக்க முடியும். இங்கே அதற்கு வழியே இல்லை. ஆகவே டொனால்ட் பிரயண்ட்டின் ஆய்வுக்கூடத்தில் குறுக்கு வழி ஒன்று பிடித்தார்கள். மெத்தில் ஒட்டும் மூன்று நொதிகளின் மரபணுக்களையும் நீக்கினார்கள். அப்படிக் கிடைத்த மரபுத் திரிபு பாக்டீரியாவில் நிறமி ஏறக்குறைய ஒரே உருவம். பைக்குள் அடுக்கும் சீரானது. குளிர் நுண்ணோக்கியில் வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெளிவாகத் தெரிந்தன. திடநிலை காந்த ஒத்ததிர்வு அளவீடுகளையும் கணினி மாதிரியையும் அதோடு சேர்த்துத்தான் மூலக்கூறுகள் எப்படி மாறி மாறித் திரும்பி நிற்கின்றன என்பதை வரைய முடிந்தது.

அந்தத் திரிபின் படத்தையும் இயல்பான வகையின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எதற்கு மார்க் போடுவோம் என்பதில் சந்தேகமில்லை. ஒன்று கோலம் போட்ட மாதிரி. மற்றது கசங்கிய துணி. ஆனால் மங்கலான வெளிச்சத்தில் வளர்த்துப் பார்த்தபோது, இந்த மெத்தில்கள் இல்லாத திரிபுகள் இயல்பான வகையைவிட மெதுவாக வளர்ந்தன. கசங்கல்தான் வெளிச்சப் பஞ்சத்தில் ஜெயித்தது.

காரணம் ஒன்றும் மாயமில்லை. கலப்படமான நிறமிகள் சற்றே வேறு வேறு இடங்களில் உறிஞ்சுகின்றன, ஆகவே உறிஞ்சல் மேடு அகலமாகிறது. கூடவே அது சிவப்புப் பக்கம் தள்ளியும் போகிறது. அகலமான வலையில் மீன் கூடுதலாக விழும். பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளின் பிடி மாறவே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கலைந்திருப்பது தூரத்து ஒழுங்குதான். படிகம் வளர்க்க வராது என்று நான் அலுத்துக்கொண்ட அதே குணத்தை வைத்துத்தான் பாக்டீரியா பிழைப்பு நடத்துகிறது. ஆய்வாளனுக்குத் தொல்லையாக இருப்பதை உயிரிக்கும் குறை என்று நினைத்துவிடுவது எவ்வளவு சுலபம்!

பைக்கு வெளியே கதை தலைகீழ். பிடித்த ஆற்றல் முதலில் போய்ச் சேருவது அடித்தளத் தகட்டுக்கு. அங்கே புரதம் உண்டு. நீக்கவே முடியாத அந்த ஒரு புரதம், சிஎஸ்எம்ஏ, இங்கேதான் இருக்கிறது, பாக்டீரியோகுளோரோஃபில் ஏ-யைப் பிடித்துக்கொண்டு. உறிஞ்சும் இடம் 795. அடுத்தது எஃப்எம்ஓ என்ற புரதம், 808 வாக்கில். கடைசியில் சவ்வில் இருக்கும் வினைமையம், அதாவது ஆற்றலை வேதி வேலைக்கு மாற்றும் இடம், 840. ஒவ்வொரு படியிலும் ஆற்றல் கொஞ்சம் இறங்குவதால் திரும்பி ஏற மனசு வராது. நல்ல வாட்டமுள்ள வாய்க்கால்.

எஃப்எம்ஓ என்பது ஃபென்னா, மேத்யூஸ், ஓல்சன் மூவரின் பெயர்ச் சுருக்கம். 1975-இல் முதலிருவர் அதன் அமைப்பை வெளியிட்டார்கள். பச்சையம் தாங்கும் புரதங்களில் முதன்முதலாக அமைப்பு தெரிந்தது இதற்குத்தான். மூன்று துண்டுகள் சேர்ந்த கிண்ணம், துண்டுக்கு 7 நிறமிகள் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். எட்டாவது ஒன்று ஓரமாக ஒளிந்திருந்தது பின்னால்தான் உறுதியானது. புரதமே வேண்டாம் என்று 2 லட்சம் நிறமிகளை அடைத்து வைத்திருக்கும் அதே உயிரியின் வாசலில், உலகத்திலேயே அதிகம் ஆராயப்பட்ட நிறமிப் புரதங்களில் ஒன்று நிற்கிறது.

2007-இல் இந்த எஃப்எம்ஓ-வில் குவாண்டம் ஒத்திசைவு, அதாவது பல மூலக்கூறுகளில் பரவிய ஆற்றல் ஒரே தாளத்தில் துடிப்பது, நீண்ட நேரம் நீடிப்பதாக ஒரு ஆய்வு வந்து, பாக்டீரியா குவாண்டம் கணினி நடத்துகிறது என்கிற அளவுக்குப் பேச்சு போனது. அளவிட்டது 77 கெல்வினில், அதாவது சுமார் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில். பத்தாண்டு கழித்துச் செய்த ஆய்வுகள், அந்தத் துடிப்புகளில் பெரும்பகுதி மூலக்கூறின் அதிர்வுகளால் வந்தது என்றும், ஆற்றல் கடத்தலுக்கு அது தேவையில்லை என்றும் காட்டின. எனக்கு இதில் வருத்தமில்லை. இந்த ஆரவாரத்தில் பின்னால் நின்ற குளோரோசோமைத்தான் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இவ்வளவு பெரிய ஆன்டெனா எதற்கு? கருங்கடலுக்குப் போனால் தெரியும். அங்கே 80 முதல் 100 மீட்டர் ஆழத்தில், ஆக்சிஜன் தீர்ந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு தொடங்கும் எல்லையில், பழுப்பு நிறப் பச்சைக் கந்தக பாக்டீரியா ஒன்று வாழ்கிறது. பழுப்பு நிறப் பச்சை என்று எழுதுவது எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆனால் குடும்பப் பெயர் அது. அது பாக்டீரியோகுளோரோஃபில் இ என்ற உறவுக்கார நிறமியைப் பயன்படுத்துகிறது. மேலே விழும் வெயிலில் லட்சத்தில் ஒரு பங்குகூட அங்கே எட்டுவதில்லை.

ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உச்சி வெயிலில் ஒரு பச்சைய மூலக்கூறுக்கு வினாடிக்கு 10 ஃபோட்டான் அளவில் கிடைக்கும். கருங்கடலின் அந்த இருட்டில் ஒரு ஃபோட்டான் கிடைக்கவே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தனியாளாக இருந்தால் ஒளிச்சேர்க்கை என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. ஆனால் 2 லட்சம் பேர் சேர்ந்து காத்திருந்தால், பை ஒன்றுக்கு வினாடிக்குச் சில ஃபோட்டான்கள். அதை வைத்துக்கொண்டு அந்த செல் இரட்டிக்க ஆண்டுக்கணக்கில் ஆகிறது. ஆனாலும் இரட்டிக்கிறது. இந்த இடத்தில் நிறமி ஒவ்வொன்றுக்கும் புரதம் கட்டிக் கொடுப்பது எவ்வளவு ஆடம்பரம் என்று யோசியுங்கள். புரதம் செய்யச் செலவு அதிகம். வருமானமோ வினாடிக்குச் சில ஃபோட்டான்.

அதைவிட இருட்டு ஒன்று உண்டு. 2005-இல் பசிபிக் கடலடியில், வெந்நீர் பீறிடும் துவாரம் ஒன்றருகே, சூரியன் எட்டவே எட்டாத ஆழத்திலிருந்து இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பாக்டீரியா ஒன்றை எடுத்து வளர்த்தார்கள். துவாரத்தின் வெப்பத்தில் வரும் மங்கல் ஒளியை அது பயன்படுத்தலாம் என்பது அவர்கள் கருத்து.

ஆக்சிஜன்தான் இவற்றுக்கு எமன். ஆனால் குளோரோசோமுக்குள் குவினோன் என்ற, எலக்ட்ரானை வாங்கிக் கொடுக்கும் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஆக்சிஜன் பட்டதும் அவை மாறி, ஆன்டெனா பிடித்த ஆற்றலை வேண்டுமென்றே வீணாக்குகின்றன. இல்லையென்றால் அந்த ஆற்றல் ஆக்சிஜனோடு சேர்ந்து செல்லையே எரித்துவிடும். முதல் நாள் இது தெரியாமல், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே ஒளிர்வை அளந்து, சிக்னல் வரவில்லை என்று கருவியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மெத்தனால் விஷயத்துக்கு ஒரு பாக்கி இருக்கிறது. அன்றைக்கு மாலை சீனியர் ஹெக்சனால் பாட்டிலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இதைக் கொஞ்சமாகச் சேர், அப்புறம் பஃபரை ஊற்றி நீர்த்துப்போக வை என்றார். மெத்தனால் மாதிரி இது மொத்தத்தையும் கரைத்துவிடாது. உறை இருக்க, உள்ளே மட்டும் புகுந்து பிடியைத் தளர்த்தும். சேர்த்ததும் மேடு 670-க்குப் போனது. நீர்த்ததும் ஹெக்சனால் வெளியேற, 670 தாழ்ந்தது, சிவப்புப் பக்கம் மறுபடி மேடு எழுந்தது. நான் எதையும் அடுக்கவில்லை. தண்ணீர்தான் ஊற்றினேன்.

இரண்டு வளைகோடுகளையும் அச்செடுத்து நோட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். இரண்டாவது கொஞ்சம் குட்டை. உச்சியும் சில நானோமீட்டர் தள்ளி இருந்தது, பழைய இடத்தில் அச்சாக வந்து உட்காரவில்லை. மறுநாள் இன்னொரு தடவை செய்து பார்த்தேன். அப்போது வேறு ஒரு இடத்தில் வந்து உட்கார்ந்தது.